இராமநாதபுரம் கரைக்கென்று ஒரு பாட்டு வானொலி இருந்ததா?

உச்சிப்புளி வாசகர் ஒருவரின் கேள்வி – 3 பிப்ரவரி 2024

நம் மாவட்டக் கடற்கரைக்கென்று பாட்டு வானொலி எதுவும் இருந்ததே இல்லை. மதுரையில் தனியார் எஃப்.எம். வந்த பிறகுதான் நமக்கு அப்படி ஒன்று கிடைத்தது. பெரியவர்கள் இலங்கை வானொலி, இலங்கை வானொலி என்று உருகுகிறார்கள். அவர்கள் போட்டதும் நம் கோடம்பாக்கத்துப் பாட்டுத்தானே? அதில் அவர்கள் சாதித்தது என்ன?

3 பிப்ரவரி, இரவு

மதுரை எஃப்.எம். உங்கள் உச்சிப்புளிக்கு எப்படி வருகிறது என்று முதலில் சொல்லுங்கள். பரமக்குடி தாண்டினாலே அது இளைக்கத் தொடங்கிவிடும். இராமநாதபுரம் பஸ் நிலையத்தில் ஒரு பாட்டின் பல்லவி கிடைக்கும், சரணத்துக்குள் இரைச்சல் வந்துவிடும். மொட்டை மாடியில் ஏரியல் கட்டிக் கேட்டேன் என்றால் சரி, அது தனி வைராக்கியம். அந்த நிலையங்கள் மதுரைக்காரர்களுக்காக நடக்கின்றன. விளம்பரங்களைக் கேட்டாலே தெரியும், மாசி வீதிகளை விட்டு வெளியே வருவதில்லை.

நான் ரேடியோ பழுது பார்த்தவன். கீழக்கரையில் ஒரு காக்காவின் (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) கடையில் தொழில் பழகி, பிறகு சொந்தமாகக் கடை போட்டு, ரேடியோ செத்ததும் செல்போனுக்கு மாறியவன். அதனால் இந்தக் கேள்விக்கு ஏக்கத்தை ஓரமாக வைத்துவிட்டே பதில் சொல்ல முடியும். எந்த நிலையம் எந்தக் காலத்தில் எந்தப் பெட்டியில் எப்படி விழுந்தது என்பது என் தொழில்.

இந்தக் கரைக்கு ஒரு பாட்டு வானொலி இருந்தது. அதுதான் இலங்கை வானொலி. அது வேறு நாட்டின் அரசாங்கத்துக்குச் சொந்தமாக இருந்தது, அவ்வளவுதான். பாட்டு நம்முடையது, வடிவம் அவர்களுடையது. வடிவத்தை அற்பமாக நினைப்பவர்கள், இன்றைக்கு ஒரே பாட்டை ஏழு நிலையங்களில் கேட்டுவிட்டு ஒன்றில் மட்டும் ஏன் நிற்கிறோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

வரலாறு சுருக்கமாக: கொழும்பில் வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவில் இருந்த நேச நாட்டுப் படையினருக்காக ஆங்கிலேயர்கள் அங்கே சக்தி வாய்ந்த சிற்றலை (ஷார்ட் வேவ்) நிலையம் ஒன்றை நிறுவினார்கள். போர் முடிந்ததும் அந்த வசதி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் என்ற பெயர். 1950 செப்டம்பர் 30இல், விளம்பரத்தோடு பாட்டுப் போடும் வர்த்தக சேவை. சண்டைக்காக வாங்கிய இயந்திரம் பாட்டுப் போட உட்கார்ந்துவிட்டது. 1967இல் அது கூட்டுத்தாபனமானது. 1972இல் நாடு குடியரசானபோது இன்றைய பெயர், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்.

வர்த்தக சேவை தொடங்கிய சமயம் பாருங்கள், அவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள். 1952இல் நம் நாட்டில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சாஸ்திரிய சங்கீதத்தின் மீது அளவற்ற பற்று கொண்டவர், சினிமாப் பாட்டின் மீது அளவற்ற வெறுப்பு கொண்டவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கியது. கேட்க ஆசைப்பட்டவர்கள் ரேடியோவின் முள்ளை நகர்த்தினார்கள். முள் கொழும்பில் போய் நின்றது.

3 பிப்ரவரி, அதே இரவு, சிறிது கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. நம் அரசு சுதாரித்துக்கொண்டு விவித் பாரதியைக் கொண்டுவந்தது 1957 அக்டோபரில். அதில் விளம்பரம் வந்தது 1967இல். அதற்குள் இங்கே இரண்டு தலைமுறைக் காது பழகிவிட்டது.

5 பிப்ரவரி

தொண்டியிலிருந்து ஒருவர், சினிமாப் பாட்டை ஒலிபரப்பினால் தண்டனை என்று கேஸ்கர் சட்டமே போட்டார் என்று எழுதியிருக்கிறார். அப்படிச் சட்டம் எதுவும் கிடையாது. நேரத்தைக் குறைத்தார்கள், பாட்டை வடிகட்டினார்கள், திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும் வானொலிக்கும் உரிமம் பற்றித் தகராறு முற்றியது, அதன் பலனாகப் பாட்டு மறைந்தது. தடை என்று வாய்வழக்கில் சொல்கிறோம். வாய்வழக்கு நாளடைவில் சட்டமாகிவிடுகிறது. அடுத்து யாராவது கேஸ்கர் சிறைக்கு அனுப்பினார் என்று எழுதுவதற்கு முன் இதைப் பதிந்து வைக்கிறேன்.

திருச்சி வானொலியை யாரும் குறைத்துப் பேச வேண்டாம் என்று இன்னொருவர். நான் குறைக்கவில்லை. 1939 முதல் இயங்கும் நிலையம், நடுவலையில் (மீடியம் வேவ்) 936 கிலோஹெர்ட்ஸில் எங்கள் பக்கம் நன்றாகவே விழும். வயலும் வாழ்வும் எங்கள் வீட்டிலும் கேட்டார்கள், வயல் இல்லாத வீடாக இருந்தும். ஆனால் திருச்சி பேசினால் அரசாங்கம் பேசுவது போலவே இருக்கும். கொழும்பும் அரசாங்கம்தான். பேச்சில் அது தெரியாது.

6 பிப்ரவரி

வடிவம், வடிவம் என்கிறீர்களே, அது என்ன என்று உச்சிப்புளிக்காரர் திரும்பக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

காலையில் பொங்கும் பூம்புனல். அந்த நேரத்துக்குத் துள்ளலான பாட்டு மட்டும். ஒப்பாரி கிடையாது, தத்துவம் கிடையாது. இரவில் இரவின் மடியில். அங்கே துள்ளலுக்கு இடமில்லை. இடையில் நீங்கள் கேட்டவை, பிறந்தநாள் வாழ்த்து, இசையும் கதையும். கடைசியாகச் சொன்னதில் நேயர் ஒருவர் எழுதி அனுப்பிய கதையை வாசிப்பார்கள், கதை திரும்பும் இடங்களில் பொருத்தமான பாட்டு விழும். பெரும்பாலும் காதல் தோல்வி. எழுதியவர் பெயரும் ஊரும் முன்னும் பின்னும் சொல்லப்படும். எங்கள் தெருவில் ஒரு அக்கா இதற்காகவே கதைகள் எழுதிக்கொண்டிருந்தார். வந்ததா என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை.

நாளின் எந்த மணிக்கு எந்த மனநிலை என்பதை முடிவு செய்து, அதற்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் நடத்துவது. கேட்க எளிது. இன்றைய எஃப்.எம். நிலையங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிகழ்ச்சியின் பெயரை மாற்றுகின்றன, பாட்டை மாற்றுவதில்லை. அவர்கள் நேர்மாறாகச் செய்தார்கள்.

அடுத்தது அறிவிப்பாளர். எஸ்.பி. மயில்வாகனன் முதல் தலைமுறை. தமிழ்நாட்டில் ஒரு நடிகருக்கு இருந்த புகழ் ஐம்பதுகளில் அவருக்கு இருந்தது, முகத்தைக் காட்டாமலேயே. பிறகு கே.எஸ். ராஜா. மூச்சு விடாமல் பேசுவார், ஒரு எழுத்தும் சிதையாது. சினிமா வசனத் துண்டுகளை வெட்டி வைத்துக்கொண்டு, தான் ஒரு கேள்வி கேட்க, படத்தின் கதாநாயகன் பதில் சொல்வது போல ஒட்டுவார். கணினி இல்லாத நாளில் இசைத்தட்டையும் நாடாவையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தார் என்றால், கை எவ்வளவு வேகமாக ஓடியிருக்க வேண்டும். 1994இல் கொழும்பில் அவரைக் கொன்றுவிட்டார்கள். ராஜேஸ்வரி சண்முகம் வாசித்தால் விளம்பரம்கூட விளம்பரமாகத் தெரியாது. பி.எச். அப்துல் ஹமீது பற்றிச் சொல்லவே வேண்டாம். பாட்டுக்குப் பாட்டு என்ற ஒரு விளையாட்டைப் பிற்பாடு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கே கொண்டுவந்து சேர்த்தவர். கொடுத்த எழுத்தில் பாட்டைத் தொடங்க வேண்டும், அவ்வளவே விதி. அந்த விதியை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறைக்கே பாட்டின் முதல் வரிகளை மனப்பாடம் செய்யவைத்தார்.

மூன்றாவது ஊர்ப்பெயர். நேயர் விருப்பப் பட்டியலில் பெரியபட்டினம், ஏர்வாடி, தேவிபட்டினம், சாயல்குடி, முள்ளிமுனை என்று வாசிப்பார்கள். உச்சரிப்புச் சுத்தமாக, ழகரம் ழகரமாக. முள்ளிமுனை என்ற பெயரைச் சென்னையில் எந்த அலுவலகத்தில் அதற்குமுன் யார் உச்சரித்திருப்பார்கள்? தபாலட்டையில் எழுதிப் போட்டால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நம் ஊரைச் சொல்கிறார். இதைத்தான் நான் வடிவம் என்கிறேன்.

6 பிப்ரவரி, மாலை

பிறந்தநாள் வாழ்த்து பற்றி ஒரு வாசகர் கேலி செய்திருக்கிறார். உண்மை, அது ஒரு தனிக் காவியம். குழந்தைக்கு ஒரு வயது. வாழ்த்துபவர்கள் அப்பா, அம்மா, அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா, பெரிய மாமா, சின்ன மாமா, லண்டன் சித்தி, கொழும்புச் சித்தப்பா என்று போகும். பட்டியல் முடிவதற்குள் குழந்தைக்கு இரண்டு வயது ஆகிவிடும் என்று காக்கா சொல்வார். ஆனால் ஒருவர் பெயர் விட்டுப்போனால் குடும்பத்தில் கலவரம். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெயர் விடுபட்டு, மச்சானும் மச்சானும் ஒரு நோன்புப் பெருநாள் வரை பேசாமல் இருந்தார்கள். வானொலியா விட்டது, எழுதியவன்தானே விட்டான் என்றால் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

9 பிப்ரவரி

பெட்டியைப் பற்றிப் பேசாமல் நிலையத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு ஒட்டவில்லை. ஆகவே பட்டறைப் பக்கம்.

உப்புக்காற்று முதலில் தின்பது, சிற்றலைக்கும் நடுவலைக்கும் மாற்றும் பேண்ட் சுவிட்சை. பின்பக்க அட்டையைக் கழற்றினால் செம்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கும். பென்சில் அழிப்பானைச் சிறிதாக வெட்டி, சிமிட்டாவில் பிடித்து ஒவ்வொரு தகடாகத் தேய்க்க வேண்டும். வேகமாகத் தேய்த்தால் தகடு வளைந்துவிடும், அப்புறம் சிற்றலை ஒரு பக்கம் பிடிக்கும், நடுவலை பிடிக்காது. தேய்த்த பிறகு தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டால் தூசி ஒட்டிக்கொண்டு ஒரு மாதத்தில் திரும்ப வரும். டயல் நூல் தளர்ந்திருந்தால் குங்கிலியப் பொடி. கண்ணாடியில் ஏதோ ஓர் இடத்தில் சிவப்பு நகச்சாயப் புள்ளி இருக்கும். அதுதான் சிலோன். வீட்டில் யார் வேண்டுமானாலும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், முள்ளை அந்தப் புள்ளிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

"தம்பி, சிலோன் எடுத்தால் போதும், மற்றது எதுவும் வேண்டாம்" என்றுதான் பெரும்பாலும் லாத்தாக்கள், அதாவது அக்காமார், சொல்லி அனுப்புவார்கள். காக்கா அதை அப்படியே எடுத்துக்கொள்வார். உள்ளே அலையைச் சரிசெய்யும் டிரிம்மர் என்ற சின்னத் திருகைத் திருகி, அந்தப் புள்ளிக்கு மட்டும் பெட்டியைக் கூர்மையாக்கிவிடுவார். டயலின் மறுமுனை மந்தமாகிவிடும், திருச்சி போனாலும் போகும். தொழில் முறைப்படி அது தவறு, டயல் முழுவதும் சமமாக எடுக்கும்படிதான் சரிசெய்ய வேண்டும். கேட்டதற்கு, வாடிக்கையாளர் கேட்டதைத்தான் செய்தேன் என்றார். அந்த ஊரில் எத்தனை பெட்டிகள் ஒரே ஒரு நிலையத்துக்காகத் திருகப்பட்டிருந்தன என்று நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

10 பிப்ரவரி

மண்டபத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்: கோயம்புத்தூரில் சிற்றலையில் மணிபோல் கேட்ட கொழும்பு, அதைவிடப் பக்கத்தில் இருக்கும் நம் கரையில் சில நேரம் ஏன் மங்கியது?

நல்ல கேள்வி, ஐயா. சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தில் மோதித் திரும்பி விழுவது. அது திரும்பி விழும் இடம் தொலைவில் இருக்கும். நிலையத்துக்கு அருகில் தரையோடு வருவது சிறிது தூரத்தில் தேய்ந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டவர்களுக்கு எதுவும் கிடைக்காது. அலைவரிசை உயர உயர அந்த இடைவெளி அகலமாகும். நாம் சில நேரங்களில் அந்த இடைவெளியில் உட்கார்ந்திருந்தோம், தலைக்கு மேலே பாட்டு கோயம்புத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவலைக்கு இந்தத் தொல்லை இல்லை. அது தரையோடு வரும், உப்புத் தண்ணீர் மேல் வந்தால் மண்மேல் வருவதைவிடப் பல மடங்கு தூரம் தாங்கும். இடையில் கடல் இருந்ததுதான் நமக்கு லாபம். அதனால் கரையோரப் பெட்டிகளில் நடுவலையே ராஜா.

நடுவலையிலும் இம்சை உண்டு. புத்தளத்தில் 882இல் 400 கிலோவாட்டில் ஒரு கிறிஸ்தவ ஒலிபரப்பு, தூத்துக்குடியில் 1053இல் 200 கிலோவாட்டில் நம் அகில இந்திய வானொலி. மட்டமான பெட்டிகளில் இந்த இரண்டும் டயலின் பாதியை அடைத்துக்கொள்ளும். பெட்டியைத் திருப்பி வையுங்கள் என்பதுதான் மருந்து. உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசை நிலையம் அடங்கிவிடும். விவரம் தெரியாமலேயே இதைச் செய்த பாட்டிகள் உண்டு. அலமாரியில் ரேடியோ ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்ட மருமகளுக்கு நல்ல திட்டு விழும்.

இதில் ஒரு வேடிக்கை. தூத்துக்குடியிலிருந்து நம் வானொலி இலங்கைத் தமிழர்களுக்கென்று நிகழ்ச்சி அனுப்பியது. கொழும்பிலிருந்து அவர்கள் தமிழ்நாட்டுக்கென்று அனுப்பினார்கள். நடுக்கடலில் இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயின.

13 பிப்ரவரி

பாட்டு வானொலி என்றால் பாப் இசையும் வேண்டும், நீங்கள் சினிமாவையே பேசுகிறீர்கள் என்று இளைஞர் ஒருவர். இதோ வருகிறேன்.

எழுபதுகளில் இலங்கையில் தமிழ் பொப் இசை என்று ஓர் அலை எழுந்தது. பைலா என்ற சிங்கள ஆட்டப் பாட்டின் தாளம், கிதார், எளிய தமிழ், கொஞ்சம் கிண்டல். நித்தி கனகரத்தினம், ஏ.இ. மனோகரன் ஆகியோர் அதன் முகங்கள். மனோகரன் பிறகு சென்னைக்கு வந்து படங்களிலும் நடித்தார், 2018இல் சென்னையில் காலமானார். சினிமாவுக்கு வெளியே, பக்திக்கும் வெளியே, தமிழில் ஆட்டத்துக்கென்று ஒரு பாட்டு இருக்க முடியும் என்பதை நான் முதலில் கேட்டது கொழும்பிலிருந்துதான். நம் பக்கம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்காரர்கள் அந்தத் தட்டுகளைத் தேடி அலைந்தார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த உறவினர்கள் உள்ள வீடுகளில் மட்டும் கிடைக்கும், இரவல் கேட்டால் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்க வேண்டும்.

ஆகவே, உச்சிப்புளிக்காரர் சொன்ன 'நம் கோடம்பாக்கத்துப் பாட்டுத்தானே' என்பதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பெரும்பகுதி அதுதான், முழுவதும் அல்ல.

14 பிப்ரவரி

நேரம் பற்றிய கதையை யாரும் சொல்லவில்லையே. 1996இல் இலங்கையில் மழை பொய்த்து மின்சாரத் தட்டுப்பாடு. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்துவதற்காகக் கடிகாரத்தை முன்னால் தள்ளினார்கள். மே மாதம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் போனார்கள், அக்டோபரில் அரை மணியாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி நம் நேரத்துக்கு வந்தார்கள்.

அந்தப் பத்தாண்டு நம் கரையில் வானொலி வைத்து நேரம் பார்த்தவர்கள் பட்ட பாடு. அறிவிப்பாளர் ஆறரை என்பார், நம் கடிகாரம் ஆறு காட்டும். காலையில் முதல் பஸ் பிடிக்கப் போகும் மீன்காரப் பெண்கள், ரேடியோவை நம்பி அரை மணி முன்னதாகவே நிறுத்தத்தில் நிற்பார்கள். பஸ்காரரைத் திட்டுவார்கள். கடைசியில் 'சிலோன் மணி', 'நம்ம மணி' என்று இரண்டு கணக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் கடையில் சுவர்க் கடிகாரம் சிலோன் மணியில் ஓடியது. வாடிக்கையாளர்களை விரட்டிச் சீக்கிரம் கடையை மூட அது வசதி.

இன்று தனுஷ்கோடிப் பக்கம் போனால் செல்போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு வெளிநாட்டுக்கு நல்வரவு சொல்கிறது. தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். ரேடியோ செய்த வேலையைச் செல்போன் செய்கிறது, பாட்டு மட்டும் இல்லை. ரோமிங் கட்டணம் உண்டு.

18 பிப்ரவரி

எஃப்.எம். காலம். 1998இல் கொழும்பில் சூரியன், சக்தி என்று தனியார் தமிழ் எஃப்.எம். நிலையங்கள் வந்தன. நம் நாட்டில் தனியாருக்குச் சொந்தமான எஃப்.எம். நிலையம் அப்போது எட்டிப் பார்க்கவே இல்லை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் அவை தெளிவாக விழுந்தன, இடையில் மறைக்க மலை இல்லை, கட்டடம் இல்லை. வாடை ஓய்ந்து கடல் குளம்போல் கிடக்கும் மாதங்களில், தண்ணீர்மேல் ஈரக் காற்று ஒரு படலமாகப் படிந்து, அலையை வளைத்துக்கொண்டு வரும். அப்போது கீழக்கரையிலும் ஏர்வாடியிலும்கூடக் கிடைக்கும். காற்று எழுந்தால் போய்விடும். வாடிக்கையாளர்கள் ரேடியோ கெட்டுவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். காற்றைப் பழுது பார்க்க எனக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்புவேன்.

இதில் பெரிய நகைச்சுவை இராமேஸ்வரத்தில் நிற்கிறது. அங்கே தூர்தர்ஷன் கோபுரம், 323 மீட்டர், 1995இல் கட்டி முடித்தது, நாட்டிலேயே உயரமான தொலைக்காட்சிக் கோபுரம். அதன் நிழலில் இருந்த டீக்கடையில் என்ன ஓடிக்கொண்டிருந்தது? கொழும்பு எஃப்.எம்.

ஆனால் இந்தப் புதிய நிலையங்களில் நான் பழைய வடிவத்தைக் கேட்கவில்லை. வேகம் இருந்தது, சிரிப்பு இருந்தது, அறிவிப்பாளர்கள் நம் பக்கத்து எஃப்.எம். போலவே பேசத் தொடங்கினார்கள். நம் பக்கத்து எஃப்.எம். அவர்களைப் போல் பேசியதா, அவர்கள் நம்மைப் போல் பேசினார்களா என்பதை மதுரைக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தில் அவை மேல். அங்கே தனியார் எஃப்.எம். செய்தி சொல்லலாம். நம் நாட்டில் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லை. நம் மீனவர் படகு இலங்கையில் பிடிபட்ட நாட்களில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது தங்கச்சிமடத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். மன்னார் நீதிமன்றத்தில் என்ன நடந்தது என்பது பாட்டுக்கு நடுவே கொழும்பிலிருந்துதான் முதலில் வரும். பாட்டுக்காகத் திறந்து வைத்த ரேடியோ வேறொரு வேலையும் பார்த்தது.

19 பிப்ரவரி

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். பழைய வானொலியை நான் அதிகமாகத் தூக்கிவைப்பது போல் தோன்றும். இரண்டாவது யோசனை ஒன்றையும் வைத்துவிடுகிறேன்.

அது அரசாங்க நிலையம். 1983இல் அந்த நாட்டில் தமிழர்களுக்கு நடந்ததைப் பாட்டு நிலையம் பேசவில்லை. இங்கே மண்டபம் அகதி முகாமுக்குப் படகுகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களின் கதைக்கும், காலையில் ஒலித்த துள்ளல் பாட்டுக்கும் எந்த ஒட்டும் இல்லை. இராமேஸ்வரத்திலிருந்து போன தலைமன்னார்க் கப்பல் எண்பதுகளின் நடுவே நின்றது, நம் தபாலட்டைகளும் குறைந்தன. முகாமில் இருந்து ஒரு பெரியவர் என்னிடம் டிரான்சிஸ்டர் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். சரிசெய்து, பழக்க தோஷத்தில் சிலோனில் வைத்துக் கொடுத்தேன். வாங்கியதும் முள்ளைத் தள்ளித் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டு, எவ்வளவு தம்பி என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் நான் கேட்டேன். அறிவிப்பாளர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களும் அதே நெருப்புக்குள் இருந்தவர்கள். ஆனால் 'நம் வானொலி' என்று நாம் சொல்லும்போது அது யாருடைய கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

23 பிப்ரவரி

கடல் ஓசையை ஏன் சேர்க்கவில்லை என்று பாம்பன் வாசகர். சேர்க்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கடல் ஓசை 90.4, பாம்பனில் இருந்து 2016 முதல் ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி, மீனவர்களுக்காக. காற்று, கடல் சீற்றம், மீன்வளம், ஆமை, பவளப்பாறை, அரசுத் திட்டங்கள், நடுவே பாட்டு. சமுதாய வானொலிக்கு நம் நாட்டு விதிப்படி 100 வாட் அளவுக்குத்தான் அலையை வீச அனுமதி, கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. எட்டும் தூரம் பத்து கிலோமீட்டர் சொச்சம். பக்கத்தில் 323 மீட்டர்க் கோபுரம் நிற்கிறது என்பதை மேலே எழுதிவிட்டேன், மறுபடி சிரிக்க வேண்டாம்.

கேட்டுப் பார்த்தேன். கரைக்காரர்கள் கரைப்பேச்சில் பேசுகிறார்கள். பாட்டு குறைவு, தொழில்நுட்பம் எளியது, அறிவிப்பில் தடுமாற்றம் உண்டு. ராஜேஸ்வரி சண்முகத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் உறுத்தியது. ஆனால் ஓர் இளைஞர் காற்றின் வேகத்தைச் சொல்லிவிட்டு, எந்தத் துறையில் வள்ளத்தை மேலே ஏற்றிவைப்பது நல்லது என்று பெயர் சொல்லிச் சொன்னபோது உட்கார்ந்துவிட்டேன். ஊர்ப்பெயர் சொல்லும் வானொலி. கொழும்பு சொன்னது நம் விருப்பத்துக்காக, இவர்கள் சொல்வது நம் உயிருக்காக. இசையை வைத்துப் பார்த்தால் கொழும்புக்கு வாரிசு அந்த நாட்டு எஃப்.எம். நிலையங்கள். வடிவத்தை வைத்துப் பார்த்தால் பாம்பன்தான் என்று இப்போதைக்கு நினைக்கிறேன்.

24 பிப்ரவரி

பாம்பன் வாசகர் மகிழ்ச்சி, உச்சிப்புளி வாசகர் கோபம். பாட்டே குறைவாகப் போடும் நிலையத்தைப் பாட்டு வானொலிக்கு வாரிசு என்பது என்ன நியாயம் என்கிறார். வாதத்தில் பலம் இருக்கிறது. இருந்தும் நான் நகரவில்லை. பாட்டு இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதற்காக யாரும் கொழும்பையோ மதுரையையோ நம்பி இல்லை. பாட்டுக்கு முன்னும் பின்னும் யார், யாரைப் பார்த்து, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் மிச்சம் இருக்கிறது.

2 மார்ச்

தனிப்பட்ட கேள்விகள் குவிந்துவிட்டன. மொத்தமாகப் பதில்.

தொண்டியில் கடல் ஓசை எடுக்குமா? எடுக்காது. பத்து கிலோமீட்டர் என்று சொன்னேன், தொண்டி எங்கே, பாம்பன் எங்கே.

பழைய வால்வு ரேடியோ இருக்கிறது, உயிர் வருமா? மின்சாரத்தில் நேராகச் செருக வேண்டாம். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும், வெடிக்கும். முதலில் பேண்ட் சுவிட்சைப் பாருங்கள் என்பேன், கீழக்கரைக்காரன் புத்தி.

இசையும் கதையும் எழுதிய அக்காவுக்கு என்ன ஆயிற்று? அவருக்குத் திருமணமாகித் தேவகோட்டைப் பக்கம் போய்விட்டார். கதை வந்ததா என்று இந்த முறை நான் கேட்டுவிட்டேன். ஒன்று வந்ததாம். பெயரை மாற்றி அனுப்பியிருந்ததால் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. என்ன பெயர் என்பதைச் சொல்ல மறுத்துவிட்டார், அதில் வரும் கதாநாயகன் இன்னும் எங்கள் தெருவில்தான் இருக்கிறானாம்.

இந்தப் பதிவுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஐந்து பேர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, அது நானில்லை என்று சொல்லிவிட்டார்கள்.